அட்டவணையில் கடைசி ஊர்

ஒரு ஊரையே அழித்துவிட்டேன்.

போர் எதுவும் இல்லை. கணினியில் ஒரு பொத்தான், அவ்வளவுதான்.

ஒப்பந்தத்தில் கையெழுத்து மட்டும் தனிப் பக்கத்தில் விழக் கூடாது என்பது எங்கள் அலுவலக வழக்கம். வெற்றிடத்தில் யாராவது எதையாவது சேர்த்துவிடுவார்களாம். அதனால் கையெழுத்தை முந்தைய பக்கத்துக்கு ஏற்ற, ஊர்களின் அட்டவணையில் ஒரு வரியைத் தூக்கினேன். மேலே எங்காவது நுழைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பு.

அகரவரிசையில் கடைசி ஊர் வால்பாறை.

பிறகு டீ வந்தது. மறந்துவிட்டேன்.

ஒப்பந்தம் அழகாக முடிந்தது. மேலாளர்கூடப் பாராட்டினார்.

"முதுகெலும்பு வலையமைப்பு என்பது கீழ்க்காணும் ஊர்களை இணைக்கும் கண்ணாடியிழைத் தடங்கள் மட்டுமே." இதுவும் என் கைவண்ணம்தான். அந்த 'மட்டுமே'யை ரசித்துப் போட்டேன். பட்டியலில் உள்ள தடம் அறுந்தால் நான்கு மணி நேரத்தில் ஒட்ட வேண்டும். மற்றவை 'வசதிப்படும்போது'.

மலைப்பாதையோரம் மண் சரிந்து, வால்பாறைக்கு இன்டர்நெட் கொண்டுபோகும் இழை அறுந்து, இன்று மூன்றாம் நாள்.

மேலே ஆஸ்பத்திரியில் எடுக்கும் இதயப் படம் கீழே கோவை டாக்டருக்கு வந்து சேர்வதில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிறவரையே ஆம்புலன்சில் ஏற்றி, நாற்பது வளைவுகளும் இறக்குகிறார்கள்.

வால்பாறை முதுகெலும்பில் சேருமா என்று மேலாளரிடம் கேட்டேன். ஒன்றும் தெரியாதவன்போல.

"பாக்கலாம்ப்பா" என்றார்.

வக்கீல், வியாக்கியானத்தைப் பொறுத்தது என்றார். பழுது பார்க்கும் நிறுவனத்தில், அந்த 'மட்டுமே' இருக்கும் எட்டாவது ஷரத்தை எனக்கே வாசித்துக் காட்டினார்கள். நல்ல நடை. என்னுடையது.

மதியம் சாப்பிடப் போகவில்லை. சுவரில் இருக்கும் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீலக் கோடுகள் நீரில் கிடப்பவைபோல மெல்ல அசைந்தன.

வால்பாறை கழன்றது. மேகம் ஒன்று அதை அடியிலிருந்து தாங்கிக்கொண்டது. தேயிலை, யானை, பள்ளிக்கூட மணி, ஆஸ்பத்திரிக் கட்டில்கள் எல்லாவற்றோடும் ஊர் மேற்கே மிதந்து போனது. கட்டிலில் ஒருவர் நெஞ்சில் கை வைத்தபடி என்னைப் பார்த்தார். ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை.

கேட்க வழி இல்லை.

போன் அடித்தது. ஒப்பந்தத்தில் தொடர்புக்கு என்று என் எண்ணைப் போட்டிருந்தேன். அதை மட்டும் தூக்காமல் விட்டிருக்கிறேன்.

ஜெபமணி. இழை ஒட்டுகிறவள். மூன்று நாளாக மண் சரிந்த ஒன்பதாம் வளைவில், ஒட்டும் இயந்திரத்துக்குக் குடை பிடித்தபடி நிற்கிறாள். தான் நனைந்துகொண்டு.

"உத்தரவு இல்லாம தொட்டா எங்க முதலாளி என்னைய வீட்டுக்கு அனுப்பிருவாருங்க சார். உங்க ஆபீஸ்ல யாராச்சும் ஒருத்தர் எழுதிக் குடுங்க. யாரா இருந்தாலும் போதும்."

காலையிலேயே எழுதி, அனுப்பாமல் வைத்திருந்ததை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். வால்பாறை பட்டியலில் இருந்தது. நீக்கியது நான். உடனே ஒட்டவும். கீழே என் பெயர்.



"இத அனுப்பினா என்னம்மா ஆகும்?"

"முக்கா மணி நேரத்துல லைன் வந்துருங்க சார்" என்றாள். "உங்களுக்கு வேலை போயிரும்."