ஒரு பென்சில் கனம்

கண்களை இறுக மூடிக்கொண்டு, ஒரு கையை முன்னால் நீட்டியபடி, வால்டர் வெறுங்காலால் தரையைத் தடவித் தடவி நடந்துகொண்டிருந்தான். அவன் மனைவி அடைக்கலமேரி அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

சில நாளாகவே வீட்டுக்குள் இப்படித்தான் நடக்கிறான். கேட்டால் பேச்சை மாற்றுகிறான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவனுக்குக் கண்தான் சோறு. அந்தக் கண்ணுக்கு ஏதாவது என்றால், அதற்கு மேல் அவளால் நினைக்க முடியவில்லை.

வால்டர் நின்றான். இரண்டு கற்களுக்கு நடுவே சந்து எங்கே என்று கால் கட்டைவிரலால் தேடினான். அகப்படவில்லை. கண்ணைத் திறந்தவன் அப்படியே குந்தி, காலையில் பதித்த சிவப்பு சிமெண்டுக் கல்லைக் கரணையால் நெம்ப ஆரம்பித்தான்.

கமாலுக்குப் பொறுமை போய்விட்டது. தண்டையார்பேட்டைக் கொத்தனார் அவன். தோஸ்துக்காக லீவு போட்டுவிட்டுத் தரை போட வந்திருக்கிறான். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே தீக்குச்சி வைத்துப் பதித்து, சாந்து இறுகியதும் குச்சியை உருவிவிடுவது அவன் வழக்கம். ராயபுரத்தில் பாதி வீட்டுக்குத் தீக்குச்சிதான். வால்டருக்கோ அது ஆகவில்லை. ஆணி வைத்துப் பார்த்தார்கள். அதையும் இப்போது பிடுங்கிக்கொண்டிருக்கிறான்.

பிடுங்கி முடித்ததும் கமாலின் காதில் செருகியிருந்த பட்டைப் பென்சிலை உருவி, இந்தக் கனத்துக்குச் சந்து விடச் சொன்னான். அதுவும் வீடு முழுக்க இல்லை, ஒரே வரிசைக்கு. மற்ற இடமெல்லாம் தீக்குச்சியே இருக்கட்டுமாம். அந்தச் சந்தில் சாந்தை மேல்வரை நிரப்பக் கூடாதாம், பாதியோடு நிறுத்திவிட வேண்டுமாம்.

"கட்டிலாண்ட இருந்து அடுப்பாண்ட, அடுப்பாண்ட இருந்து கொழாயாண்ட. இன்னா நைனா, வூட்டுக்குள்ள ரயிலு வுடப் போறியா?" என்றான் கமால். "அழுக்கு சேந்து கலீஜாப் பூடும்."

வால்டர் சிரிக்கவில்லை.

பர்மிட்டில் கிடைத்த சிமெண்டு மூட்டையின் அடிக்கு வந்துவிட்டது. நெம்பியதில் உடைந்த கல் போக, மிச்சம் இந்த வரிசைக்குத்தான் காணும். இன்னொரு தரம் பிடுங்கினால் வீடு மண்தரையோடுதான் நிற்கும் என்று சொல்லிவிட்டு, கமால் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு தெருவுக்குப் போனான்.

மேரி கணவனிடம் வந்தாள். வரும்போது சுவரோரம் இருந்த சாந்து வாளியில் இடித்துக்கொண்டு, வாளியை இங்கேயா வைப்பது என்று முணுமுணுத்தாள். வால்டர் எழுந்து வாளியைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு வந்தான்.

இரண்டு கல்லைப் பென்சில் கனத்துக்குத் தள்ளி வைத்து, அவளைக் கூப்பிட்டான்.

"உன் கால வெச்சிப் பாரு மேரி. கண்ண மூடிக்கினு."

அவன் கூத்துக்குத் தன் காலும் வேண்டுமா என்று நினைத்தாலும் வைத்தாள்.

"தெரியுதா?"

"இன்னா தெரியணும்?"

"சந்து."

அவள் பாதத்தை நகர்த்தினாள். கட்டைவிரல் பள்ளத்தில் இறங்கியது. "தெரியுதுய்யா. நல்லாத் தெரியுது."

வால்டர் பெருமூச்சு விட்டான். ஜுரம் விட்டவன் மாதிரி அவன் தோள் தளர்ந்தது. சாந்து குழைக்கச் சொல்லிக் கமாலைக் கூப்பிட வாசல் பக்கம் திரும்பினான். கண்ணில் நீர் கட்டி நின்றது.

அந்த நீரைப் பார்த்ததும் மேரிக்கு எல்லாம் விளங்கிப்போயிற்று.

போன மாதம் ஓயாத தலைவலி என்று அவளைக் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருந்தான். டாக்டர் அவள் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். சொட்டு மருந்து விட்டால் சரியாகிவிடும் என்று சிரித்துக்கொண்டே சொல்லி, வெளியே பெஞ்சியில் உட்காரச் சொன்னார். வால்டரை மட்டும் உள்ளே நிறுத்திக்கொண்டார். வெகுநேரம் கழித்து வந்தவனிடம், உனக்கும் கண்ணாடி எழுதிட்டாரா என்று அவள் கேலிகூடப் பண்ணினாள். அவன் பஸ் ஸ்டாப்பைத் தாண்டி நடந்துகொண்டே இருந்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கல் வண்டி வாசலில் வந்து நின்றது.

அப்படியானால் அன்றைக்கு அவன் கண்ணையும் டாக்டர் பார்த்திருக்கிறார். பார்த்து, சொல்லக் கூடாத எதையோ சொல்லியிருக்கிறார். இருட்டிலும் தட்டுத்தடுமாறாமல் நடக்கத்தான் இந்தப் பாவி தரையில் வழி போட்டுக்கொண்டிருக்கிறான்.

மேரி சாந்து அப்பிய அவன் கைகளைப் பிடித்துத் தன் மார்போடு அழுத்திக்கொண்டாள். அழுகையை அடக்க முடியவில்லை.

"எத்தினி நாளுல பூடும்னு சொன்னாருய்யா டாக்டரு? எங்கிட்ட ஏன் மறைச்ச? கிரேனு போனாப் போவட்டும். நான் கீறேன்ல. உன் கையப் புடிச்சி நான் கூட்டிக்கினு போவ மாட்டேனா?"

வால்டர் அவள் முகத்தையே பார்த்தான். அவள் கன்னத்தைத் துடைக்கப் போன கை, சாந்தைப் பார்த்துப் பாதியில் நின்றது.

"டாக்டரு சொன்னது என் கண்ணப் பத்தி இல்ல, மேரி."