சன்னல் பக்கத்துச் சுருதி

மூன்றாவது பெடலுக்கும் யூனிஸ் தலையை ஆட்டி வேண்டாம் என்றாள்.

குனிந்தவர் குனிந்தபடியே இருந்தார் லியோ. கிட்டாருக்கும் ஒலியைப் பெருக்குகிற ஆம்புக்கும் நடுவே காலடியில் கிடந்து, சத்தத்தின் நிறத்தை மாற்றுகிற சின்னப் பெட்டி அந்தப் பெடல். பிடிக்காவிட்டால் திருப்பித் தந்துவிடுவதாகச் சொல்லி, கோயம்புத்தூர்க் கடையிலிருந்து மூன்று பிரீஆம்ப் பெடல்களை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிக் குன்னூர் வந்திருந்தார்.

அவர் தேடியது ஒரே ஒரு சத்தத்தை. இதே எஸ்டேட் கிளப் ஹாலில் யூனிஸ் பாட, இவர்கள் குழு வாசித்துக்கொண்டிருந்த காலத்தில், அவருடைய பேஸ் கிட்டாருக்கு இருந்த சத்தம். கம்பளிக்குள் கால் நீட்டினாற்போல் அப்படி ஒரு கதகதப்பு. 

நாளை நெல்சனுக்கு முதலாம் ஆண்டு நினைவு ஜெபம். கணவன் போனதிலிருந்து யூனிஸ் கோயிலில்கூட வாய் திறக்கவில்லை. நாளைக்கு ஒரே ஒரு பாட்டு பாட அவளைச் சம்மதிக்க வைப்பதற்குள் லியோவுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

"இன்னிக்குப் பாட்டு வரலைன்னா விட்டுருங்கண்ணா. இனிமே என்னைப் பாடச் சொல்லாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் அவள் ஹாலுக்குள்ளேயே நுழைந்தாள்.

பல்லவி வந்தது. சரணத்தில் மேலே ஏறுகிற இடத்தில் குரல் உடைந்தது. ஒவ்வொரு முறையும் அதே இடத்தில்.

முதல் பெடலை ஆம்பின் முன்பக்கத்தில் சொருகியது லியோவின் தப்பு. ஆம்புக்குள்ளேயே, சத்தத்தை முதலில் தீட்டித் தருகிற பிரீஆம்ப் ஒன்று இருக்கிறது. அதன் தலையில் இன்னொன்றை ஏற்றினால் சாம்பார்மேல் ரசம் ஊற்றிய கதைதான். வயரைப் பிடுங்கி, உள்ளே இருப்பதைத் தாண்டிப் போகும்படி பின்பக்கத் துளையில் சொருகினார். இப்போது சத்தம் கழுவித் துடைத்த மாதிரி இருந்தது. ஆஸ்பத்திரி வராந்தா நினைவுக்கு வந்தது.

இரண்டாவது கரகரத்தது. மூன்றாவது நல்ல பெடல், சுருதி பார்க்கிற வசதியும் அதிலேயே உண்டு. சுருதி சரியாக இருந்தால் பச்சை விளக்கு, பிசகினால் சிவப்பு விளக்கு. பச்சை எரிந்தது. சத்தம்கூட ஏறக்குறைய அந்தக் காலத்துச் சத்தம்தான். ஆனால் சரணம் மறுபடியும் உடைந்தது.

ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்கள். குறை பெடலில் இல்லை என்பது லியோவுக்கே புரிந்துவிட்டது.

கையை எடுத்ததும் கம்பி அடங்கியது. ஹாலும் அடங்கியது. அப்போதுதான் அந்த அமைதி அவர் காதில் உறைத்தது.

இந்த ஹால் ஒரு நாளும் இப்படி அமைதியாக இருந்ததில்லை. இடது சன்னலுக்கு எதிரே டீ ஃபேக்டரி. மாடியில் இலை வாட்டுகிற பெரிய காத்தாடிகள் நாளெல்லாம் ம்ம்ம் என்று இரைந்துகொண்டிருக்கும். சுருதிப் பெட்டிக்கு வக்கில்லாத அந்த நாளில், அந்த இரைச்சலைக் கேட்டுத்தான் மூன்றாம் கம்பியை முறுக்குவார்கள். ஊட்டியிலிருந்து கீபோர்டோடு வருகிறவர்களுக்கு இவர்களோடு ஒருநாளும் ஒத்துப்போகாது. 'உங்க பெட்டிதான் பொய் சொல்லுது' என்று இவர்கள் அடித்துப் பேசுவார்கள்.

ஒரு கிறிஸ்துமஸுக்கு ஃபேக்டரியே தொண்டை கட்டிக்கொண்டதுபோல் இறங்கி இரைந்தது. பேரிங் தேய்ந்திருக்கும் என்று சொல்லி எல்லோரும் கம்பியைத் தளர்த்திக்கொண்டார்கள். அந்த வருடம் யூனிஸுக்கு நெஞ்சு முழுக்கச் சளி. ஆனாலும் என்னமாய்ப் பாடினாள்!

அந்தக் காத்தாடிகளைப் பார்த்துக்கொண்டவன் நெல்சன்தான். மனைவி பாடிய ஒரு கச்சேரிக்கும் வந்து உட்காராத மனிதன். கேட்டால், ஷிப்ட் இருக்குதுங்க என்று ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பின் மேல் லியோவுக்கு இன்னமும் கோபம்தான்.

இப்போது ஃபேக்டரி பூட்டிக் கிடந்தது.

"அம்மிணி, காத்தாடிச் சத்தம் இல்லீங்களே. அதுதான் நமக்கு ஒண்ணும் சேர மாட்டேங்குது."

யூனிஸ் மைக்கைத் தூக்கிக்கொண்டு இடது சன்னலுக்குப் போனாள். எப்போதும் அவள் இடம் அதுதான். நடுவில் நில் என்றால் கேட்கமாட்டாள். கச்சேரி தொடங்கும் முன் சன்னலுக்கு வெளியே கையை நீட்டுவாள். மழை வருதான்னு பாக்குறா என்று மொத்தக் குழுவும் கேலி செய்யும்.

எதிரே ஃபேக்டரி மாடியில் ஒரு சன்னல் திறந்தபடி கிடந்தது. அதற்குள்ளும் பனி புகுந்திருந்தது.

"நீங்க கம்பி முறுக்கறதுக்கு முந்தியே, எனக்கு ஏறாதுன்னு பட்டா கையை இறக்கிக் காட்டுவனுங்கண்ணா. அவரு அந்தச் சன்னல்ல நின்னு பாத்துட்டு, காத்தாடிக் கதவைக் கொஞ்சங் கொஞ்சமாச் சாத்தி அந்த இரைச்சலோட சுருதியை இறக்கி வெப்பாருங்க."

லியோ அந்தச் சன்னலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கிட்டாரைத் தூக்கி மாட்டிக்கொண்டு அவளுக்குப் பின்னால் போய் நின்றார்.

"காட்டுங்க அம்மிணி."

அவள் கையை வெளியே நீட்டினாள். கை மெல்ல இறங்கியது. லியோ கம்பியை மீட்டியபடியே முறுக்காணியைத் தளர்த்தினார். பச்சை அணைந்து சிவப்பு எரிந்தது. கை இன்னும் இறங்கியது. கம்பியும் இறங்கியது.

கை நின்றது. அவரும் நிறுத்தினார். மற்றக் கம்பிகளை அதோடு சேர்த்தார்.

யூனிஸ் அந்தச் சன்னலைப் பார்த்தபடியே பாடினாள். சரணம் ஏறியது.

தப்பு, தப்பு என்று சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. லியோ அதன் மேல் ஷூவை வைத்து மறைத்துக்கொண்டு வாசித்தார்.