அட்டை அழுத அத்தியாயம்

'மூளைக்குள் ஒரு வக்கீல்' என்று ஒரு புத்தகம். மனசு எப்படி யோசிக்கிறது, தர்க்கத்தில் எங்கே கோட்டை விடுகிறது என்று நானூறு பக்கம். ஊரே பேசுகிறதே என்று வாங்கியவர், பன்னிரண்டாம் பக்கத்தில் அடையாளத்துக்கு ஒரு வண்ண அட்டையைச் செருகிவிட்டுப் போனார். மூன்று வருஷமாகத் திரும்பவில்லை.

தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்த அந்த அட்டைக்கு அலமாரியில் ஏக மரியாதை. "படிக்கலாமா அண்ணே?" என்று யார் கேட்டாலும், "கட்டாயம் படிக்கணும். கடைசி அத்தியாயத்துல நான் அழுதே விட்டேன்" என்று அடித்துவிடும்.

அதை நம்பி ஒரு ராமபாணப் பூச்சி உள்ளே நுழைந்தது. வரிவரியாக ஊர்ந்தே படிக்கிற பூச்சி. ஒரு மாதம் கழித்து, கால் ஓய்ந்து திரும்பி வந்தது.

"நடுவுல நல்லாத்தான் இருந்துச்சு அண்ணே. ஆனா கடைசி அத்தியாயம் மொத்தமும் வெள்ளைத் தாள். அச்சே விழல. நீங்க எந்த இடத்துல அழுதீங்க?"

அட்டைக்கு உடம்பெல்லாம் கூசியது. பன்னிரண்டாம் பக்கத்தைத் தாண்டியதே இல்லை என்று சொல்லிவிட வாயெடுத்தது.

அதற்குள் மேல்தட்டிலிருந்த அகராதி கனைத்தது. "அருமையான அத்தியாயமாச்சே! நானும் அழுதேன்."

"நானுந்தான்" என்றது பக்கத்திலிருந்த அட்லஸ்.

பூச்சி எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தது.

"அப்ப எனக்குத்தான் படிக்கத் தெரியல போல" என்று முனகிவிட்டு, முதல் பக்கத்திலிருந்து மறுபடி ஊரத் தொடங்கியது.

பன்னிரண்டாம் பக்கத்தை அது கடந்தபோது, வெளியே நீட்டியிருந்த தலையை எங்கே ஒளிப்பது என்று அட்டைக்குத் தெரியவில்லை.