எங்கிருந்தாலும் வரவும்

அட்டையைக் கொடுக்க மாட்டேன் என்று நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

காவலாளி நல்ல மனுஷன்தான். பிடுங்கவில்லை. கையைக்கூட நீட்டவில்லை.

"இது தனியார் இடமுங்கம்மா. கொடி, அட்டை, கோஷம் ஒண்ணும் ஆகாதுங்க. ரோட்டுல நின்னு என்ன வேணாலும் பண்ணிக்கங்க."

ரோட்டில் எங்கே நிற்பது? போன வருஷம் வரைக்கும் நடைபாதை என்று ஒன்று இருந்தது. பாலம் கட்டுகிறோம் என்று அதையும் வழித்துவிட்டார்கள். இப்போது பஸ் இந்த மாலின் மதிலை உரசிக்கொண்டு போகிறது. நின்றே தீருவேன் என்றால் சக்கரத்துக்கு அடியில் நிற்கலாம்.

தனியார் இடமாம்.

அன்றைக்கு மட்டும் ஊர்ச் சொத்தாகவா இருந்தது? அப்போதும் முதலாளி இடம்தான். இங்கே பஞ்சாலை ஓடியது. இதே கேட். காலை ஷிஃப்ட் விடுகிற மூன்று மணிக்கு அவள் வீட்டுக்காரர் ஒரு மர ஸ்டூலில் ஏறி நின்று பேசுவார். வாயிற்கூட்டம் என்பார்கள். ஸ்டூலின் நாலு காலும் கேட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். ஒரு கால் உள்ளே வந்தால் போலீஸ் வந்துவிடும்.

குரல் உள்ளே போகும். குரலுக்கு யார் கேட் போடுவது?

ஆலையை மூடிய அன்று அந்த ஸ்டூலின் மேலிருந்துதான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். பேச்சு பாதியில் நின்றது. மீதி என்ன சொல்ல வந்தார் என்று அவளுக்குத் தெரியாது. பத்தொன்பது வருஷமாக அதை யோசிக்காமல் அவள் தூங்கப் போனதில்லை.

வருஷா வருஷம் அதே தேதியில், மூன்று மணிக்கு, மில்காரர்கள் கேட்டில் கூடுவார்கள். ஒருவர் அவர் பேரைச் சொல்வார். மற்றவர்கள் வீரவணக்கம் என்பார்கள். அவ்வளவுதான், கலைந்துவிடுவார்கள். முப்பது பேர் பத்தானார்கள். பத்து மூன்றானது. இந்த வருஷம் அவள் மட்டும்.

தோழர் ஆறுக்குட்டிக்கு வீரவணக்கம்.

அட்டையில் இருந்தது இந்த மூன்று வார்த்தைதான். வாயால் சொல்லிவிட்டுப் போக அவளுக்குக் குரல் இல்லை. பஞ்சுத் தூசி தின்றது போக மிச்சமிருந்த தொண்டை. பக்கத்தில் இருப்பவர் காதைக் கொடுத்தால்தான் கேட்கும்.

அவள் பெரிதாக ஒன்றும் ஆசைப்படவில்லை. இந்த இடத்தில், இந்த நேரத்தில், அவர் பேர் ஒரே ஒரு தடவை சத்தமாகக் கேட்க வேண்டும்.

கடைசியில் அட்டையைக் கொடுத்தாள். காவலாளி அதைப் பைகள் வைக்கிற அலமாரியில் பத்திரமாகச் சாய்த்து வைத்துவிட்டு ஒரு டோக்கன் கொடுத்தான். வீரவணக்கத்துக்கும் டோக்கன். என்ன காலமோ.

"உள்ள போயி செத்த நேரம் ஜில்லுன்னு உக்காந்துட்டுப் போங்கம்மா."

போனாள். மணி இரண்டே முக்கால்.

அவர் மிஷின் ஓட்டிய இடத்தில் செருப்புக்கடை. அவள் நூல் சுற்றிய இடத்தில் பொம்மை ரயில் ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. கால்தான் வலித்தது.

அப்போது தலைக்கு மேலே ஒரு குரல்.

தன்விகா என்ற மூன்று வயதுக் குழந்தையின் பெற்றோர் எங்கிருந்தாலும் உடனடியாகத் தகவல் மையத்துக்கு வரவும்.

நாலு மாடிக்கும் கேட்டது. கேட்டில் நின்ற காவலாளிகூடத் திரும்பிப் பார்த்தான். ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள்.

அவள் அந்தக் குரல் வந்த இடத்தை விசாரித்துக்கொண்டு நடந்தாள்.

மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் எழுந்து நாற்காலி போட்டாள். "யாரைத் தேடறீங்கம்மா?"

"எங்க வீட்டுக்காரரை."

"எங்க வெச்சுப் பிரிஞ்சீங்க?"

"கேட்டுல."

"எத்தனை மணிக்குங்க?"

"மூணு மணிக்கு."

அந்தப் பெண் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று அடித்து ஒரு நிமிஷம். "அப்ப இப்பத்தான். பக்கத்துலதான் இருப்பாருங்க, பயப்படாதீங்க" என்று பேனாவை எடுத்தாள்.

பேரைச் சொன்னாள். அவள் வாய்க்கு அருகே காதை வைத்துக் கேட்டு எழுதினாள் பெண்.

"தோழர்ங்கறது இனிஷியலுங்களாம்மா?"

"ஆமா கண்ணு. அதையும் சேத்துச் சொல்லோணும். அது இல்லாமக் கூப்பிட்டா அவர் திரும்ப மாட்டாரு."

அந்தப் பெண் அவள் பேரையும் கேட்டாள். எதற்கென்று தெரியாமலே சொன்னாள்.

தோழர் ஆறுக்குட்டி அவர்கள் எங்கிருந்தாலும் உடனடியாகத் தகவல் மையத்துக்கு வரவும்.

நாலு மாடியிலும். செருப்புக்கடையில். பொம்மை ரயிலில். கேட்டில்.

வீரவணக்கம் என்று அவள் உதடு அசைந்தது. வந்த வேலை முடிந்தது.

ஆனால் குரல் முடியவில்லை.

மயிலாத்தாள் அவர்கள் உங்களுக்காகக் காத்திருக்கிறார்.

அதை அவள் சொல்லச் சொல்லவில்லை. அந்தப் பெண்ணாகவே சேர்த்துக்கொண்டது. பத்தொன்பது வருஷத்தில் யாரும் சொன்னதில்லை, அவளே கூடச் சொல்லிக்கொண்டதில்லை. அவருக்கு வணக்கம் சொல்ல அத்தனை பேர் வந்தார்கள். இவள் காத்திருக்கிறாள் என்று அவருக்குச் சொல்ல யாரும் வரவில்லை.

எழுந்து போயிருக்கலாம். கை நாற்காலியைப் பிடித்துக்கொண்டது.

கேட் வழியாக ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

அஞ்சு நிமிஷம் ஆயிற்று. பத்தும் ஆயிற்று.

"இன்னும் காணமுங்களே. இன்னொருக்கா கூப்பிடட்டுங்களா?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"கூப்பிடு கண்ணு" என்றாள்.