அம்மா மடித்த பக்கம்

அம்மா அடுப்படியில் நின்றுகொண்டே படிப்பாள். பால் பொங்கி வழிந்த பிறகுதான் பக்கத்தின் முனையை மடித்துவிட்டு நிமிர்வாள். "படிச்சு என்னத்தைக் கிழிச்ச?" என்று அப்பா ஆயுசு முழுக்கக் கத்தினார். அவள் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.

அவள் இறந்துபோன மறுவாரமே அப்பா புத்தகங்களையெல்லாம் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டார்.

மறுநாள் காலை வீடெங்கும் பால் தீய்ந்த வாடை. அடுப்பை நானும் பற்றவைக்கவில்லை, அப்பாவும் பற்றவைக்கவில்லை. வீட்டில் மிச்சமிருந்த ஒரே புத்தகம், அடுப்பு வாங்கியபோது கொடுத்த கையேடு, மேடைமேல் கிடந்தது. பாதியில் ஒரு பக்கத்தின் முனை மடிக்கப்பட்டிருந்தது.

"செத்தும் அடங்க மாட்டேங்கிறாளே," என்று அப்பா முனகினார்.

"எதுக்கு அடங்கணும்?" என்றேன்.

செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பினேன். தடிமனாக ஒரு நாவல் வாங்க வேண்டும். பாலும் இனி ஒரு பாக்கெட் கூடுதலாக.