சாவுக்கான சொற்கள்

சாப்பாட்டு மேசையின் ஒரு முனையில் அண்ணன், அவனுக்குப் பக்கத்தில் அண்ணி, ஜன்னலோர நாற்காலியில் தங்கை. கணவன் இறந்து இந்த வீட்டுக்கு வந்த ஓராண்டாக அவள் அதிகம் பேசியதில்லை. மடியில் தடித்த ஆங்கில அகராதி.

“ஒரு வாரமா சாவு வார்த்தையாவே தேடுறா. எனக்குப் பயமா இருக்குங்க,” என்று அண்ணி கிசுகிசுத்தாள்.

“அண்ணா,” என்றாள் தங்கை திடீரென்று. “இரங்கல் செய்தியை ‘ஆபிச்சுவரி’ங்கிறோமே, அதோட லத்தீன் வேருக்கு ‘எதிர்கொண்டு போறது’ன்னு அர்த்தமாம்.”

“நீ எங்கேயும் போக வேண்டாம்!” அண்ணன் பாய்ந்து அகராதியைப் பிடுங்கினான். “நாங்க இருக்கோம்ல?”

“குடுண்ணா, இன்னும் ரெண்டு சொல் பாக்கி. அகராதி ஆபீஸ்ல வேலைக்குப் பரீட்சை. சொற்களுக்கு விளக்கம் வீட்டுலேயே எழுதி அனுப்பணும். சீட்டுக் குலுக்கி ஆளுக்கொரு தலைப்பு அனுப்பினாங்க. எனக்குச் சாவு வந்துச்சு.”

“வேலைக்கா?” அண்ணன் அகராதியை அவள் மடியிலேயே திரும்ப வைத்தான்.

“ஆமா. எத்தனை நாளைக்கு ஜன்னலையே பாத்துட்டு உக்காந்திருக்கிறது?”

“அடி ராசாத்தி! மங்களகரமா வேற தலைப்பு கேட்டிருக்கக் கூடாதா?” என்று அண்ணி அழுதுகொண்டே சிரித்தாள்.

தங்கை எழுதி முடித்ததும் உறைக்குப் பசை தடவி ஒட்டியது அண்ணிதான். தங்கை செருப்பை மாட்டிக்கொண்டு, தானே போய்த் தபால் பெட்டியில் போட்டாள்.