ரூபாய்க்குப் படம் எதற்கு?

சிங்கப்பூர் ரயில் பிரியர்களின் இணையக் குழுவில் அன்றும் அமீராவுக்கும் இருதயராஜுக்கும் சண்டை. குழுவை நடத்துபவர் இருதயராஜ். அடுத்த மாதம் எல்லோரும் ஊட்டி மலை ரயிலில் போவதாக ஏற்பாடு. கட்டண விவரம் போட்டபோது, ரூபாய்க் குறியீடு குழுவின் தளத்தில் வெறும் கட்டமாக வந்தது. அதனால் அவர் குறியீட்டைச் சின்னப் படமாக ஒட்டிவிட்டார்.

"படம் வேணாம் அண்ணே. எழுத்தாவே வர்ற மாதிரி தளத்தைச் சரி பண்ணுங்க," என்று எழுதினாள் அமீரா.

"இத்தனை பேருக்குத் தெரியுது. உங்களுக்கு மட்டும் தெரியலையா?"

"தெரியல."

"வேணும்னே வம்பு பண்றீங்க. இன்னொரு தடவை எழுதினா குழுவிலேருந்து எடுத்துடுவேன். ஊட்டியும் கிடையாது."

"எடுங்க. அப்பவும் இதையேதான் கேப்பேன்."

நேரில் பேசித் தீர்த்துவிடலாம் என்று தேக்கா சந்தைக்கு வரச் சொன்னார் இருதயராஜ். தேநீர்க் கடையில் கடுகடுப்போடு காத்திருந்தார்.

வெள்ளைக் கோலால் தரையைத் தட்டியபடி ஓர் இளம்பெண் வந்தாள். "இருதயராஜ் அண்ணே இருக்கீங்களா? நான்தான் அமீரா."

அவர் பதறி எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"என் போன் எழுத்தைத்தான் வாசிச்சுச் சொல்லும் லா. படம் வந்தா ஊமையாயிடும். ரூபாயா, டாலரான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"முதல்லயே சொல்லியிருந்தா அன்னைக்கே மாத்தியிருப்பேனேம்மா!"

"தெரியும். பாவம்னு மாத்தியிருப்பீங்க," என்றாள் அமீரா, உட்காராமலே. "அது வேணாம் அண்ணே. தப்பா இருக்கு, அதுக்காக மாத்துங்க."